அந்த அரை ஆள் யார்?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்பு அருமையாக உரையாற்றிய குழந்தைநல மருத்துவர் அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து அளித்த பள்ளித் தாளாளர் அவர்களே, பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளுக்குப் பரிந்து பேசவென்றே வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் கூடியதே பாதி வெற்றி என்றார் அவைத்தலைவர். மீதிப் பாதியை எட்ட எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி.

பெற்றோரின் பொறுப்பை மூன்று கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறேன்: வீட்டுக்குள் எந்தத் தீனி வருகிறது, என்ன காரணம் சொல்லி அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம், பெற்றோரின் தட்டில் என்ன இருக்கிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளைப் பார்த்துத்தான் எப்போதும் கேட்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை நாம் வளைத்த பக்கமெல்லாம் வளையும். கடைக்கு நடக்கும் காலும் பணத்தை எடுத்துக் கொடுக்கும் கையும் நம்முடையவைதானே? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் அதிக எடை கொண்டவர்கள் 1990-இல் 8 விழுக்காடாக இருந்தார்கள். 2022-இல் அது 20 விழுக்காடாகி, எண்ணிக்கையில் 39 கோடியைத் தாண்டியது. அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்ற நிலையையே எட்டிவிட்டவர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனிதரின் மரபணு மாறிவிடாது. வீட்டு அலமாரி மாறிவிடும்.

ஒரே ஒரு குளிர்பானத்தை எடுத்துக்கொள்வோம். 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைய கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றும் அதே நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் சிறுவனுக்கு 10 விழுக்காடு என்பது சுமார் 37 கிராம். அந்தப் பானத்தைக் குடித்து முடித்தவனுக்கு, அன்று முழுவதும் இனிப்பு என்று மிச்சமிருப்பது அரைத் தேக்கரண்டிதான்.

இரண்டாவது கூறு, காரணம். வீட்டுப்பாடம் முடித்தால் சாக்லேட், அழுகையை நிறுத்தினால் சிப்ஸ் என்று பேரம் பேசுகிறோம். பரிசாகக் கொடுக்கப்படும் தின்பண்டத்தின் மீது பிள்ளைக்கு ஆசை இன்னும் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆசையை இப்படி நாமே வளர்த்துவிட்டு, பிறகு உறவினர் முன்னிலையில் பிள்ளையின் உடம்பைக் கேலி செய்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கணக்குத் தணிக்கையாளர். ஒரு புள்ளி பிசகினாலும் அன்றிரவு உறங்கமாட்டார். எட்டு வயது மகளோடு பல்பொருள் அங்காடிக்குப் போயிருக்கிறார். மகள் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினாள். பொறுப்புள்ள தந்தை என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? பாக்கெட்டைத் திருப்பினார். எழுத்துகள் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தன, கண்ணாடியோ வீட்டில். விடுவாரா? கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, "150 கலோரிதான், பரவாயில்லை" என்று தீர்ப்பு வழங்கிக் கூடையில் போட்டார். பணம் செலுத்தும் வரிசையில் நிற்கும்போது மகள் அந்தப் படத்தை நிதானமாகப் படித்தாள்.

"அப்பா, 150 என்பது ஒருமுறை பரிமாறும் அளவுக்காம். இதில் மூன்றரை முறை பரிமாறலாமாம். அப்படியென்றால் மூன்றரை பேர் சாப்பிட வேண்டுமா?"

"ஆமாம்மா."

"நீங்கள், நான், அம்மா, மூன்று பேர் ஆயிற்று. அந்த அரை ஆள் யார்?"

"தம்பிதான்."

"அவனுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லையே!"

வரிசை முழுவதும் சிரித்தது. ரசீது போடும் பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். அன்றிரவு அந்தப் பாக்கெட்டைத் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தவர் நம் தணிக்கையாளர்தான். 525 கலோரி. மூன்றரை பேரும் அவரே.

கணக்கையே தொழிலாகக் கொண்டவரை ஏமாற்ற ஒரு பாக்கெட்டின் முதுகு போதுமானதாக இருக்கிறது. வேலை முடிந்த களைப்போடு, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாகக் கடைக்கு வரும் தாய் அந்தப் பொடி எழுத்தை எப்போது படித்து, எப்போது பெருக்கிப் பார்ப்பார்? பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்று உரக்கச் சொல்பவன் நான். அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான செய்தியை முன்பக்கத்தில் அச்சிடு என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நான் ஊர் ஊராகப் பேசி வருவது இதைத்தான்.

சிலி நாடு 2016-இல் இதைச் செய்துகாட்டியது. சர்க்கரையோ, உப்போ, நிறைவுற்ற கொழுப்போ, கலோரியோ வரம்பு மீறினால் பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை விழுந்த பொருளின் உறையில் பிள்ளைகளைக் கவரும் கேலிச்சித்திரம் கூடாது, பள்ளியில் விற்பனையும் கூடாது. இந்தச் சட்டத்தின் முதற்கட்டத்துக்குப் பிறகு, முத்திரைக்குரிய பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு கூறியது. சர்க்கரையைத் தாங்களாகவே குறைத்துக்கொண்ட உற்பத்தியாளர்களும் உண்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறீர்களே, ஐம்பது வயதைக் கடந்த நிறுவனங்களும் சட்டம் பிடித்து வளைத்தால் வளைகின்றன.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெற்றோரின் தட்டைப் பற்றி மருத்துவர் அம்மையார் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டதால் அதை அவருக்கே விட்டுவிடுகிறேன். முன்பக்க எச்சரிக்கை முத்திரை கேட்டு அரசுக்கு அனுப்பவிருக்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கல்வி அதிகாரி அவர்கள் முதல் கையெழுத்தை இட்டுத் தொடங்கிவைக்க இசைந்திருக்கிறார்; அவருக்குப் பின் வரிசையாக வந்து, பெயரோடு பிள்ளைகளின் வயதையும் குறித்துக் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.