பவுண்டு வாசலில் ஓர் ஊரணி

பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஆணையாளர் அவர்களே, கால்நடை பராமரிப்புத் துறை உதவி இயக்குநர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் அறங்காவலர் பெருமக்களே, விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் நாய் பிடிக்கும் பணியாளர்கள் இருவரை மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்தினார் நகர்மன்றத் தலைவர். கடிபட்டும் ஏச்சுக் கேட்டும் வேலை செய்கிறவர்களுக்கு மேடையில் மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. அதற்காக அவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

'மாடு மேய்க்காமல் கெட்டது, பயிர் பார்க்காமல் கெட்டது' என்பார்கள் நம் பெரியவர்கள். எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. தெருநாய்களையும் தெருவில் திரியும் மாடுகளையும் அடைத்து வைக்கும் நகராட்சிக் காப்பகங்களைப் பற்றி மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று தண்ணீர், இரண்டு மருத்துவர், மூன்று பதிவேடு.

முதலில், இந்தக் கூட்டம் ஏன் இப்போது? 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கே திரும்பக் கொண்டுபோய் விடக் கூடாது என்றது. நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளையும் அகற்றிப் பராமரிக்கச் சொன்னது. அப்படியானால் காப்பகம் இனி ஒரு வாரத் தங்கல் இல்லை. சில உயிர்களுக்கு அதுதான் ஆயுள் முழுவதற்கும் வீடு. அந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன்.

நம் கரையோரத்தில் நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது நானும் அந்த இடத்தில் இருந்தேன். சித்திரை மாத வெயில். சாலையில் நின்ற ஓர் ஆத்தாவின் பசுவைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டியில், அடைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆத்தா வந்தார். முந்தானையில் அபராதப் பணம் முடிந்திருந்தது. "பணத்தைக் கட்டுங்கள் ஆத்தா, ரசீது தருகிறேன்" என்றார் எழுத்தர். ஆத்தா முடிச்சில் கை வைக்கவில்லை. மாட்டைப் பார்த்தார். கண் குழி விழுந்திருந்தது, விலா எலும்பை எண்ணலாம். வைக்கோல் கட்டு அப்படியே கிடந்தது.

"தம்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா?"

"தொட்டி நிறையக் கிடக்கிறதே ஆத்தா. அதுதான் குடிக்கவில்லை."

ஆத்தா தொட்டியருகே போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, இதில் ஒரு சொம்பு நீ குடித்துக் காட்டு. அபராதத்தை இரண்டு மடங்காகக் கட்டிவிட்டுப் போகிறேன்."

எழுத்தர் குனிந்துகொண்டார். காவலர் வானத்தைப் பார்த்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த அதிகாரி ஒரு டம்ளரில் எடுத்து வாயில் ஊற்றினார். பெருமக்களே, அவர் முகம் போன போக்கை இங்கே என்னால் செய்து காட்ட முடியாது! ஆழ்குழாய்த் தண்ணீர், சுத்தமான உப்பு. அந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. அலுவலகத்துக்கு வாங்கி வைத்திருந்த குடிநீர் கேனைத் தானே தூக்கிவந்து வாளியில் கவிழ்த்தார். பசு ஒரே மூச்சில் குடித்தது. பக்கத்துக் கட்டுத்தறிகளில் நின்ற மாடுகள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் கயிறு அறும்படி இழுத்தன. ஆத்தா அபராதத்தைப் பைசா குறையாமல் கட்டினார். ஆனால் மற்ற மாடுகளுக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் முதல் குடிநீர் லாரி வந்தது. அதிகாரி மாற்றலாகிப் போனதும் லாரியும் நின்றது.

மாடு மேய்க்காமல் கெட்டது என்றார்களே, அது மேய்ச்சலுக்கு மட்டும் சொன்னதில்லை. நன்கு வளர்ந்த ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் அதற்கும் மேலே. தண்ணீர் குறைந்தால் தீனி இறங்காது. காப்பகக் கணக்கில் தீவனம் மிச்சம் என்று எழுதி வந்தால் தயவுசெய்து மகிழ்ச்சியடையாதீர்கள், தொட்டியைப் போய்ப் பாருங்கள். நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அந்த இரைப்பிலேயே உடம்பின் ஈரம் போகும். தகரக் கூரைக்குக் கீழே, கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்து கிடக்கும் நாய்க்கு முன்னால் காய்ந்த கிண்ணம் இருந்தால் அதற்குப் பெயர் காப்பகமா?

கழுவுவதற்கும் தண்ணீர்தான். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்ற தொற்றுக் கிருமி ஒரு கூண்டில் நுழைந்தால் குட்டிகளை வரிசையாகக் கொண்டுபோகும். சாதாரணச் சோப்புக்கு அது சாகாது. முதலில் அழுக்கைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட வேண்டும். தண்ணீருக்குத் தவம் கிடக்கும் இடத்தில் அழுக்கின் மேலேயே பவுடரைத் தூவிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அது வேலை செய்யாது.

சட்டம் புதியது இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டமே, பவுண்டுக் காவலர் அடைபட்ட மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முந்தி நம்மவர்கள் அறங்களை முப்பத்திரண்டு என்று எண்ணியபோது, பசுவுக்கு வாயுறை, அதாவது தின்னப் புல், கொடுப்பதையும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு தறி நடுவதையும் அதில் சேர்த்தார்கள். தினவெடுத்த மாட்டுக்கு ஒரு கல் நட்டு வைப்பதை அறம் என்று எண்ணிய மண் இது, ஐயா.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? காவிரிக் கூட்டுக் குடிநீரை மாட்டுக்குத் திருப்பிவிடு என்றால் குடத்தோடு வரிசையில் நிற்கும் தாய்மார்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள், அது நியாயமும்தான். நிலத்தடியில் துளை போட்டால் உப்பு. மிஞ்சியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் வானம் தருவது. அதைப் பிடித்து வைக்கத்தான் சேதுச் சீமை எனும் நம் இராமநாதபுரப் பகுதி முழுவதும் ஊரணி வெட்டினார்கள். குடிக்க ஓர் ஊரணி, குளிக்க ஓர் ஊரணி என்று பிரித்து வைத்த ஊர்கள் நம்முடையவை. இன்று பல ஊரணிகளுக்கு மழைநீர் வந்துசேரும் வரத்துக்கால் மேல் கடை நிற்கிறது, உள்ளே சீமைக் கருவேலம் நிற்கிறது. பயிர் பார்க்காமல் கெட்டது போல ஊரணியும் பார்க்காமல்தான் கெட்டது.

ஆணையாளர் அவர்களிடம் கேட்கிறேன். புதுக் காப்பகத்துக்கு இடம் தேடும்போது ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கின் ஓரத்தைக் காட்டாதீர்கள். தூர்வாரக்கூடிய ஓர் ஊரணியின் அருகில் இடம் கொடுங்கள். காப்பகக் கூரையில் விழும் மழை முழுவதும் அந்த ஊரணிக்கே போகும்படி வாய்க்கால் வையுங்கள். கழுவிய கழிவு நீர் ஒரு சொட்டுகூட அதில் இறங்காதபடி எதிர்ப்பக்கமாகக் குழியும் வடிகாலும் அமையுங்கள். கரையில் குழந்தைகள் விழாதபடி வேலியும், வெளிப்புறத்தில் ஒரு கல்தொட்டியும் வேண்டும். காப்பகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஊரணிக்கு என்று தீர்மானத்திலேயே எழுதினால், அதிகாரி மாறினாலும் தண்ணீர் மாறாது.

நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். நிரந்தர மருத்துவர் பணியிடம் பற்றி எனக்கு அடுத்துப் பேசும் உதவி இயக்குநர் அவர்கள் விரிவாகச் சொல்வார். பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கும்படி வாசலில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் ஊரணியில் கருவேல மரங்களை வேரோடு எடுக்கும் வேலையைத் தொடங்குகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், இல்லாதவர்களுக்கு நாட்டுப்படகுச் சங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. காலைக் கஞ்சி ஜமாஅத் பொறுப்பு. வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.