காதைத் தொட்ட நாளும் கட்-ஓவர் ராத்திரியும்

(பாளையங்கோட்டையில் 2025 டிசம்பர் 17 அன்று நடந்த ஓய்வூதியர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இன்னும் சர்வீஸில் இருக்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி 1982 டிசம்பர் 17 அன்று வந்த நகரா வழக்குத் தீர்ப்பைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1979 மார்ச் 31 என்று ஒரு தேதியைப் போட்டு, அதற்கு முன்னால் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவருக்கு ஒரு பென்சன் கணக்கு, பின்னால் போனவருக்கு இன்னொரு கணக்கு என்று அரசு வைத்திருந்தது. ஒரே மாதிரி உழைத்த ரெண்டு பேரை ஒரு தேதி எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது.

நானும் இன்றைக்குத் தேதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு சின்ன வேடிக்கை. சர்ட்டிபிகேட்படி மே மாதம் பிறந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, கால்வாசி மண்டபம்! ஊரில் பாதிப் பேர் மே மாதத்திலா பிறந்தோம்? ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். பெரிய வாத்தியார், "தலைக்கு மேல கையைப் போட்டு அந்தக் காதைத் தொடுல" என்பார். தொட்டால் அஞ்சு வயசு முடிந்தது என்று அர்த்தம். மே மாதத்தில் ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். எங்கள் அம்மா கணக்கில் நான் ஐப்பசியில், அடைமழையில் பிறந்தவன். ஆனால் இலாகாவுக்கு நான் 1965 மே. ஆக, நான் எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதை முடிவு செய்தது அரசு இல்லை, நானும் இல்லை. என் கை நீளம்.

ஓய்வு வயது 58, 60 என்கிற எண்களும் வேதத்தில் வந்தவை அல்ல. மத்திய அரசில் 1962 வரை 55தான் இருந்தது. அப்புறம் 58, 1998இல் 60. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் 58ஐ 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. எங்கள் தெருவில் ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார். அவருக்கு 2020 மே 31 கடைசி நாள். கிடைக்கிற பணத்தில் மாடி எடுக்க மேஸ்திரிக்கு அட்வான்ஸ்கூட கொடுத்துவிட்டார். அடுத்த மே என்றார்கள். அந்த மே வருவதற்குள் அதற்கடுத்த மே என்றார்கள். மேஸ்திரி அவரை எங்கே பார்த்தாலும், "சார், இந்த மேயா, அடுத்த மேயா?" என்று கேட்பான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1988இல் தொலைபேசி இலாகாவில் சேர்ந்தேன். கேபிள் வேலை. 2000 அக்டோபரில் நாங்கள் பி.எஸ்.என்.எல். ஆனோம். 2019 நவம்பரில் வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 50 வயது தாண்டியவர்கள் எழுதிக் கொடுக்கலாம், 2020 ஜனவரி 31 வேலையில் கடைசி நாள். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதியிருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். உச்சவரம்பு உண்டு, எனக்கு அது இடிக்கவில்லை. 31 வருஷம் முடித்தவன், முழு வருஷமாக அஞ்சு பாக்கி. 1,085ம் 125ம் சேர்த்தால் 1,210 நாள். ஏறக்குறைய 40 மாதச் சம்பளம். பென்சன் தனி.

இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டேன் தெரியுமா? டீக்கடையில் பேப்பர் கிழித்துப் போட்டேன். கேபிள் டிரம்மின் மேல் சாக்பீஸால் போட்டேன். நாடு முழுக்க சுமார் 78,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒருத்தன் கொடுத்தான், அவனைப் பார்த்து ரெண்டு பேர், அவர்களைப் பார்த்து நான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "சரி, காலையில பத்து மணிக்கு எங்க இருப்பீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சரியாக 54ஆவது நாள், மார்ச் 25, நாடே ஊரடங்கில் போய்விட்டது. பத்து மணிக்கு எங்கே இருப்பேன் என்பதைப் பிரதமரே அறிவித்துவிட்டார்.

அந்த ஏப்ரல் மாதத்தை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். கேபிள்காரனுக்குக் கலர்தான் எழுத்து. வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை என்று போகும். இருட்டிலே, குழிக்குள்ளே, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த வரிசையைச் சொல்லுவேன். வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? அடுக்களைக்குள் போனேன். அஞ்சறைப் பெட்டியிலிருந்து அரிசி டின் வரைக்கும் எல்லாவற்றையும் மூடி கலர்ப்படி பிரித்து அடுக்கினேன். வெள்ளை மூடியெல்லாம் மேல்தட்டு. கடுகு ஒரு மூலைக்கும் உளுந்து ஒரு மூலைக்கும் போய்விட்டன. அவள் வந்து எண்ணெயைக் காயவைத்துவிட்டுக் கடுகைத் தேடுகிறாள், எண்ணெய் புகைகிறது. அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஏங்க, முப்பத்தோரு வருஷமா இந்த அடுக்களையில ஒரு ஃபால்ட்டு கிடையாது. நீங்க வந்துதான் லைன் டெட் ஆயிருக்கு."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் மூன்றாவது காபி கேட்டபோது அவள் இன்னொன்றும் கேட்டாள். "எனக்கு எப்ப வி.ஆர்.எஸ். குடுப்பீங்க?" இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண்கள் எல்லாரும் சால்வையோடு வீட்டுக்குப் போனோம். அந்தச் சால்வையைத் துவைத்து மடித்து வைத்தவர்களுக்கு மே 31 என்று ஒரு நாள் உண்டா? இப்போது காலைக் காபி என் பொறுப்பு. டிகாஷன் இன்னும் சரியாக இறங்கவில்லை என்று புகார் இருக்கிறது.

மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கட்-ஓவர் ஞாபகம் வந்தது. இலாகாக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். ஸ்ட்ரவுஜர் என்கிற பழைய இயந்திர டெலிபோன் எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்கு மாறுகிற ராத்திரிக்குப் பெயர் கட்-ஓவர். ஊருக்கு அது ஒரு ராத்திரிச் சமாசாரம். எங்களுக்கு மாசக்கணக்கில் வேலை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நம்பருக்கும் புதுசிலிருந்து ஜம்பர் வயர் என்கிற இணைப்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுவோம். புதுப் பக்கம் உயிர் வராமல் இருக்க, இடுக்கிலே சின்னச் சின்ன ஆப்பு சொருகி அவற்றை நூலில் கோத்து வைத்திருப்போம். குறித்த நேரத்தில் இன்ஜினியர் "இழு" என்பார். ஒருத்தன் நூலை இழுப்பான், இன்னொருத்தன் பழைய பக்கத்து ஃபியூஸைப் பிடுங்குவான். அவ்வளவு நேரம் ரயில் மாதிரி தடதடத்துக்கொண்டிருந்த ஹால் கப்பென்று அடங்கும். அந்த அமைதியில் அழுத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விடிந்தால் ஊரில் ஒரு போனும் செத்துக் கிடக்காது.

நான் என்ன செய்தேன்? புதுப் பக்கம் ஒரு ஜம்பர்கூட இழுக்காமல் பழைய ஃபியூஸைப் பிடுங்கினேன். ஊரில் எத்தனையோ பேர் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது? அவர்களுக்கு வேண்டியது லைன்தானே, நானா?

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி வி.ஆர்.எஸ். எழுதவில்லை. "போல, வாங்குற சம்பளம் வாங்குவேன், ஃபைபர் ஒட்டக் கத்துக்கிடுதேன்" என்றான். அவனுக்கும் மே மாதம்தான், அதே பெரிய வாத்தியார். ஐம்பத்தேழு ஆனதும் சனி, ஞாயிறு முறப்பநாட்டில் அவன் மாமனார் வயலுக்குப் போக ஆரம்பித்தான். முதலில் சும்மா வரப்பில் நடந்தான். அப்புறம் கால் ஏக்கரில் வாழை. சங்கத்தில் வைத்திருந்த பொறுப்பை ஒரு பையனிடம் கொடுத்தான். இந்த வருஷம் மே 31, சனிக்கிழமை, அவன் ரிட்டயர் ஆனான். மறுநாள் காலை பத்து மணிக்கு, பாவம், தனியாக உட்கார்ந்திருப்பானே என்று ஆறுதல் சொல்லப் போனேன். மதினி வாசலில் நின்றபடி, "அவுக இலை அறுக்கப் போயாச்சே!" என்றார்கள். நான் வாங்கிக்கொண்டு போன அல்வாவை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே "எப்போது போகலாம்" என்று என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் பணக் கணக்கு கேட்கமாட்டேன். அதை நீங்களே நூறு தடவை போட்டிருப்பீர்கள். நான் கேட்பது லீவுக் கணக்கு. காசாக்கலாம் என்று 300 நாள் ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு, சேர்த்து வைக்கிறோம். மகள் கல்யாணத்துக்குக்கூட ரெண்டு நாள்தான் எடுத்திருப்போம். அதில் ஒரு முப்பது நாளை எடுத்து, ஊருக்குப் போகாமல், கோயில் குளம் சுற்றாமல், வீட்டிலேயே இருந்து பாருங்கள். முதல் வாரம் தூங்குவீர்கள். ரெண்டாவது வாரம் ஒட்டடை அடிப்பீர்கள். மூன்றாவது வாரம் அடுக்களைக்குள் கால் வைப்பீர்கள். அங்கே தெரிந்துவிடும்.

ஆனால் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிவதே ஒரு கொடுப்பினை. பஞ்சாலையில் இருந்த தம்பிமார்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பி.எஃப். பென்சன் கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும். சம்பளம் எவ்வளவானாலும் 15,000 வரைதான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கணும். 35 வருஷத்துக்கு 7,500 ரூபாய். 58இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும், 50க்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் அதேபோல் வருஷத்துக்கு 4 சதவீதம் குறையும். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். கையில் வருகிற மொத்தத் தொகையைப் பார்த்து, ரெண்டு வட்டி, மூணு வட்டி என்று ஆட்கள் வீடு தேடி வருவார்கள். வாசலோடு டீ கொடுத்து அனுப்புங்கள். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கைக்கு வரும்.

அரசுப் பென்சன்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையின் நம்பர், பாங்கி பாஸ்புக், யாரிடம் என்ன எழுதிக் கொடுக்கணும், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டம்மாவிடம் கொடுங்கள். நமக்குப் பின்னால் முதல் ஏழு வருஷமோ, நமக்கு 67 ஆகியிருக்கும் நாள் வரைக்குமோ, எது முந்தியோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி குடும்ப ஓய்வூதியம். அப்புறம் முப்பது சதவீதம். எங்கள் வீட்டில் இதை வாசித்துக் காட்டியபோது, "இதையாவது உருப்படியா அடுக்கி வச்சிருக்கீங்களே" என்றாள்.

என் ஜம்பர் வயர் எங்கே கிடைத்தது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஊரடங்கு தளர்ந்ததும் மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு ஆச்சி பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபதுக்கு மேலே இருக்கும். ரெண்டு பிச்சி இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து, நாரை ஒரு சுற்று, விரலில் ஒரு மடக்கு, இழு. நான் அசந்து நின்றுவிட்டேன். ஜோடி பிரித்து ஜோடி சேர்ப்பது என் வேலையல்லவா! "கத்துக் குடுப்பீங்களா ஆச்சி?" என்றேன். "ஏன், ஆம்பளைக்கு வேலை இல்லையோ?" என்றார்கள். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன். அவர்களுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. "அப்படின்னா?" என்றார்கள். "இனிமே வேலைக்குப் போக வேண்டாம், மாசம் துட்டு வந்துரும்." கை நிற்காமல் கட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எனக்கும் எழுதிப் போடு ராசா" என்றார்கள்.

முதல் சரம் தெரு தாண்டுவதற்குள் அவிழ்ந்து கொட்டியது. இழுக்கும்போது வயர் மாதிரி முறுக்கிவிடுகிறேன், பூவுக்கு அது ஆகாது என்று புரியவே ஆறு மாசம் ஆயிற்று. இப்போது காலையில் பத்து மணிக்கு ஆச்சிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. நான் கட்டுகிறேன், அவர்கள் விற்கிறார்கள். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு நாலு முழம் என் கணக்கு.

மணி ஆறே கால் ஆகிறது. ஆறரைக்குத் திரை போட்டுவிடுவார்கள், பூ இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது. நான் வருகிறேன், வணக்கம்.