ஜப்பான் ஆஸ்பத்திரியில உங்க அப்பா பேரைத்தான் கூப்பிடுவாங்க!

[காட்சி: சின்ன கிளினிக், வரிசையா நாற்காலிகள்]

"பரனிபெரு ஸன்! பரனிபெரு ஸன்!" நர்ஸ் மூணு தடவை கூப்பிட்டாச்சு. கார்த்திகா அசையவே இல்ல. எப்படி அசைவாங்க? அது அவங்க அப்பா பழனிவேலோட பேராச்சே!

வணக்கம் மக்களே. ஜப்பான்ல வழக்கமா குடும்பப் பேரைச் சொல்லி, மரியாதைக்கு 'ஸன்' சேத்துத்தான் கூப்பிடுவாங்க. நம்ம பாஸ்போர்ட்ல 'சர்நேம்' கட்டத்துல பெரும்பாலும் அப்பா பேருதானே இருக்கு? அதையே எடுத்துக்குவாங்க. அந்த மொழியில 'ல' கிடையாது. 'ழ'வைப் பத்திக் கேக்கவே வேணாம். எல்லாம் 'ர'தான். கடைசி மெய்யெழுத்துக்குப் பல சமயம் ஒரு 'உ' வேற ஒட்டிக்கும்.

முதல் தடவை போனா 'உக்கெட்சுக்கே', அதாவது ரிசப்ஷன்ல, 'மோன்ஷின்ஹியோ'ன்னு ஒரு தாள் குடுப்பாங்க. எங்க வலி, எத்தனை நாளா, அலர்ஜி உண்டா, இதெல்லாம் எழுதணும். பேரு எழுதுற இடத்துக்கு மேல 'ஃபுரிகானா'ன்னு குட்டிக் கட்டம் இருக்கும். அதுல உச்சரிப்பைக் கத்தகானாங்கிற ஜப்பான் எழுத்துல எழுதுங்க. அதைப் பாத்துத்தான் கூப்பிடுவாங்க. வீட்லயே எழுதி, சத்தமா வாசிச்சு, காதைப் பழக்கிட்டுப் போங்க.

அடுத்து காத்திருக்கிற அறை: 'மச்சிஅய்ஷிட்சு'. 'ஷிட்சு'ன்னா அறை, 'மச்சி'ன்னா காத்திருக்கிறது. ஆமா, மச்சி! ஆனா நம்ம ஊரு மச்சி மாதிரி 'ச்'சை அழுத்தாதீங்க. அழுத்தினா தீக்குச்சி ஆயிடும். "ஒமச்சி குதாசாய்"னு காதுல விழுந்தா, 'கொஞ்சம் காத்திருங்க'ன்னு அர்த்தம்.

பெரிய ஆஸ்பத்திரின்னா பேருக்குப் பதிலா நம்பர். 'பன்'னா எண். "ஜூயோன் பன்"னா 14. நாலுக்கு 'ஷி'ன்னும் பேர் உண்டு, ஆனா சாவுக்கும் அதே சத்தம். அதனால 'யோன்'. சில ஆஸ்பத்திரியில 4-ம் நம்பர் அறையே இருக்காது! ஏழுக்கு 'ஷிச்சி'ன்னு சொன்னா ஒண்ணுக்கான 'இச்சி' மாதிரி கேக்கும். அதனால 'நனா'. "நானா?"ன்னு எழுந்துடாதீங்க, டோக்கனைப் பாருங்க.

[திரையில்: ஒரு பெட்டி, நடுவுல மேலேருந்து கீழே ஒரு கோடு]

இந்த எழுத்து 'ச்சூ'. 'நடந்துட்டிருக்கு'ன்னு அர்த்தம். கழிப்பறைக் கதவுல 'ஷியோச்சூ'ன்னா உள்ள ஆள் இருக்கு. ஹோட்டல் வாசல்ல 'ஜுன்பிச்சூ'ன்னா தயாராகிட்டிருக்கு, அதாவது இப்போ சோறு கிடையாது.

கடைசியா 'கைக்கே', பில் கவுன்ட்டர். கேக்க கைகேயி மாதிரி இருக்கும். இவங்க வரம் கேக்க மாட்டாங்க, பணம் கேப்பாங்க. மருந்துச் சீட்டு 'ஷோஹோசென்' கையில வந்ததும் 'யாக்க்யோக்கு', அதாவது மருந்துக்கடைக்குப் போயிடுங்க. சீட்டு எழுதின நாளையும் சேத்து 4 நாள்தான் செல்லும். லீவு நாளும் கணக்குல வரும். தவறிட்டா மறுபடி டாக்டர், மறுபடி மச்சி.