ட்ரம்புக்கு ட்ரம்ப் பிள்ளைகளே ஓட்டுப் போட முடியவில்லை! ஏன்?

வணக்கம் மக்களே! 2016 ஏப்ரல் 19, நியூயார்க். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் பிரைமரி. டொனால்ட் ட்ரம்ப் சொந்த ஊரில் நின்று, ஏறக்குறைய 60 சதவீத ஓட்டு வாங்கி ஜெயிக்கிறார். அதில் மகள் இவாங்காவின் ஓட்டு இல்லை. மகன் எரிக்கின் ஓட்டும் இல்லை. அப்பாவோடு சண்டையா? அதெல்லாம் இல்லை. கடைசித் தேதியைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

[திரையில்: நாட்காட்டி, 2015 அக்டோபர் 9]

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாநிலங்களில் யாரும் போடலாம். சில மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிந்தவர் மட்டும்தான். முடிந்தது பாடம்.

நியூயார்க் இரண்டாவது வகை, அதிலும் படு கெடுபிடி. ஏற்கெனவே வாக்காளர் பட்டியலில் இருப்பவர் கட்சி மாறுவதென்றாலும், கட்சி சாராதவர் ஒரு கட்சியில் சேர்வதென்றாலும் முந்தைய அக்டோபர் 9-க்குள் படிவம் கொடுத்திருக்க வேண்டும். அதாவது ஆறு மாதத்துக்கு முன்பே! அயோவாவில் முதல் ஓட்டு விழுந்ததே பிப்ரவரி 1-ல்தான். பெண் பார்க்கும் முன்பே மொய் எழுதச் சொன்ன கதை. பிள்ளைகளுக்கு ஒரே குற்ற உணர்ச்சி என்று சொல்லி ட்ரம்ப் சமாளித்தார். அதே நாளில் ஜனநாயகக் கட்சிப் பக்கம், ஹிலரி கிளிண்டனை எதிர்த்து நின்ற வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸை ஆதரித்த, கட்சி சாராத பலருக்கும் இதே கதிதான். அவர் 42 சதவீதம் வாங்கி ஹிலரியிடம் தோற்றார். விதி தளர்வாக இருந்தால் ஜெயித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன், இடைவெளி பெரியது. 2019-ல் சட்டத்தைத் திருத்திக் கடைசித் தேதியைப் பிப்ரவரி 14 ஆக்கினார்கள். காதலர் தினம்! யார் தேர்ந்தெடுத்தாரோ, வாழ்க.

சரி, ஓட்டுப் போடுபவருக்கு இத்தனை கெடுபிடி. வேட்பாளருக்கு?

ட்ரம்ப் 1987-ல் குடியரசுக் கட்சிக்காரராகப் பதிந்தார். 1999-ல் இண்டிபென்டன்ஸ் கட்சி என்ற ஒரு சின்னக் கட்சி. 2001-ல் ஜனநாயகக் கட்சி. 2009-ல் மறுபடி குடியரசு, 2011-ல் எந்தக் கட்சியும் இல்லை, 2012-ல் திரும்பவும் குடியரசு. எழுதிவைத்துப் படித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது!

2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களின் முதல் விவாதம். மேடையில் பத்துப் பேர். 'ஜெயிப்பவர் யாராக இருந்தாலும் ஆதரிப்பேன், தனியாக நிற்க மாட்டேன் என்று உறுதி தர மறுப்பவர் கையைத் தூக்குங்கள்' என்றார்கள். தூக்கியது ஒரே கை. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? செப்டம்பரில் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, தாளைக் கேமராவுக்குக் காட்டினார். மார்ச்சில் அதைக் கைகழுவினார். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. வேட்பாளரானார், அதிபரானார்.

[வீடியோ பிடித்திருந்தால் லைக் போடுங்கள், இன்னும் பெரிய கூத்து பாக்கி இருக்கிறது.]

சாண்டர்ஸ் பல பத்தாண்டுகளாகச் சுயேச்சை. அவருடைய வெர்மான்ட் மாநிலத்தில் கட்சிவாரிப் பதிவே கிடையாது. ஆசைப்பட்டாலும் ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிய முடியாது. 2016-ல் இப்படி ஒரு சுயேச்சை தன் பிரைமரியில் நின்ற அனுபவத்தில் ஜனநாயகக் கட்சி ஒரு விதி போட்டது: அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவர் 'நான் ஜனநாயகக் கட்சிக்காரன்' என்று எழுதித் தர வேண்டும். 2019 மார்ச்சில் சாண்டர்ஸ் எழுதித் தந்தார். அதே வாரத்தில், 2024 செனட் தேர்தலுக்கும் மனுக் கொடுத்தார். எப்படித் தெரியுமா?

சுயேச்சையாக!

இவர்களில் யார் பெரிய கில்லாடி? கமென்ட்டில் சண்டை போடுங்கள், நான் படித்துக்கொண்டிருப்பேன்.