பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியா வாசுதேவன் என்ற பெயரைக் கேட்டதும் மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஓர் உரிமை உணர்வு தோன்றிவிடும். 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தின் வழியாகத் தமிழகம் முழுவதும் அறிமுகமாகி, 1985-இல் ‘முதல் மரியாதை’யில் சிவாஜி கணேசனுக்குப் பின்னணிக் குரல் தந்து, நடுநடுவே வில்லன் வேடங்களிலும் மிரட்டி, 2011 பிப்ரவரியில் மறைந்த கலைஞர் அவர். அவர் பிறந்த ஆண்டைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் பிறந்தபோது மலேசியா என்று ஒரு நாடே கிடையாது. இருந்தது மலாயா, அதுவும் அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-ஆம் நாள். அதற்குள் வாசுதேவனுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. ஆகவே, பிறந்த இடத்தின் பெயர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த அடைமொழி, அவர் பிறந்தபோது எந்த நாட்டுக்கும் இல்லாத பெயர்.

அவருடைய பெற்றோர் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மலையாளிகள். இங்கேதான் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அவருடைய குடும்பமும் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அவரும் கடல் கடந்த மண்ணில், இலங்கைத் தேயிலை மலைநாட்டில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17-ஆம் நாள் பிறந்தவர். மருதூர் கோபாலன் இராமச்சந்திரன், அதாவது எம்.ஜி.ஆர். அவருடைய முதல் எழுத்தில் நாவலப்பிட்டி இல்லை; குடும்பத்தின் பூர்விகமான மருதூர்தான் இருக்கிறது. வேர் ஏறக்குறைய ஒரே வட்டாரம், பிறப்பு இருவருக்கும் அயல்நாடு. ஒருவர் பெயரில் அயல்நாடு நின்றது. மற்றவர் பெயரில் பூர்விகம் நின்றது. பெயருக்கு முன்னால் வரும் ஊரைப் பிறப்புச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்த இருவரைவிட நல்ல சாட்சிகள் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஊர், ஒருவர் தம்மை எங்கே சேர்த்துக்கொண்டார் என்பதையோ, மற்றவர்கள் அவரை எங்கே சேர்த்தார்கள் என்பதையோதான் சொல்கிறது.

தமிழ்த்திரையின் முதல் தலைமுறையினர் பலருக்கும் பெயரின் தலைப்பெழுத்தில் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது. சிவாஜியின் பெயரான வி.சி. கணேசன் என்பதில் உள்ள ‘வி’ விழுப்புரம். கே.பி. சுந்தராம்பாளின் ‘கே’ கொடுமுடி. என்.எஸ். கிருஷ்ணனின் ‘என்’ நாகர்கோவில். அதே நாகர்கோவிலின் ஒரு பகுதியான கிருஷ்ணன்கோவில், இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனின் ‘கே’யாக அமர்ந்திருக்கிறது. ஒருவர் முழு ஊரையும் எடுத்துக்கொண்டார். மற்றவர் தம்முடைய பேட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். ரசிகர்களோ இந்த எழுத்துகளை விரித்துப் பார்ப்பதே இல்லை. என்.எஸ்.கே. என்று சொல்லிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் நாகர்கோவிலையும் சேர்த்தே உச்சரிக்கிறோம் என்று அறிந்திருப்பார்கள்?

பெண் கலைஞர்களின் தலைப்பெழுத்துகளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி என்பது மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி, எம்.எல். வசந்தகுமாரி என்பது மெட்ராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி, கே.பி. சுந்தராம்பாளின் நடு எழுத்து பாலாம்பாள். மூவருக்கும் முதலில் ஊர் வருகிறது, அடுத்துத் தாயின் பெயர் வருகிறது. தந்தை பெயரை எழுதுவதே வழக்கமாக இருந்த காலத்தில் ஊரையும் அன்னையையும் மட்டும் துணைகொண்டு மேடையேறி, திரையிலும் முன்வரிசைக்கு வந்தவர்கள் இவர்கள். 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நடிப்பதற்காகக் கொடுமுடி சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அன்றைய ஆண் நடிகர்களை மலைக்க வைத்த தொகை அது.

ஓர் ஊர்ப்பெயரைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் கதை சுவையாகிறது. மாயவரத்தை எடுத்துக்கொள்வோம். மாயவரம் கிருஷ்ணசாமி தியாகராஜ பாகவதர் 1910-இல் அங்கே பிறந்தவர். இளமையிலேயே குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பாட்டுப் பயின்றதும் புகழ் ஏறியதும் திருச்சியில்தான். இருந்தும் எம்.கே.டி.யின் ‘எம்’ மாயவரமாகவே நின்றுவிட்டது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது, மாயவரமும் எழுத்து வடிவில் அந்தச் சுவரொட்டிகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இதே ஊரைத் தம் பெயருக்கு முன்னால் ஏற்றவர், தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் அங்கே பிறந்தவர் அல்லர். 1826-இல் திருச்சிப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்து, மாயூரத்துக்கு முன்சீப்பாக வந்தவர். மாயவரத்தில் பிறந்தவர் வளர்ந்தது திருச்சியில். திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர் புகழடைந்தது மாயூரத்தில். இருவரும் ஊரை மாற்றிக்கொண்டது போலிருக்கிறது. இன்று அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர். ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய பெயர்கள் இந்த மனிதர்களிடம் பத்திரமாக இருக்கின்றன.

பட்டுக்கோட்டை இன்னும் வளமான ஊர். பட்டுக்கோட்டை என்று மட்டும் சொன்னாலே பலருக்கும் கல்யாணசுந்தரம் நினைவுக்கு வந்துவிடுவார். ஊர்ப்பெயரே ஆளின் பெயராகிவிட்ட அருமையான நிகழ்வு அது. ஆயினும் அவர் 1930-இல் பிறந்தது பட்டுக்கோட்டை நகரில் அன்று, அதனை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில். பாரதிதாசனிடம் பயின்று, விவசாயிகள் இயக்கத்தில் உழைத்து, திரைக்கு வந்து, 1958-இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்குத் ‘தூங்காதே தம்பி தூங்காதே’ எழுதி, அடுத்த ஆண்டே, இருபத்தொன்பது வயதில் மறைந்துவிட்டார். சில ஆண்டுகள் மட்டுமே நீடித்த திரைவாழ்க்கை அது. நெடுநாள் வாழ்ந்து நிறைய எழுதியவர்களுக்கும் ஊர்ப்பெயர் இவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் வியப்புத்தான் மேலிடுகிறது. செங்கப்படுத்தான்காடு என்பது நாவில் புரளச் சற்று நேரம் எடுக்கும் பெயர் என்பதாலோ, அயலூரார்க்குப் பட்டுக்கோட்டைதான் தெரியும் என்பதாலோ, சிற்றூர் பின்வாங்கிப் பெரிய ஊருக்கு இடம் கொடுத்திருக்கலாம். இது என்னுடைய ஊகம்.

கல்யாணசுந்தரத்துக்கு முன்பே அந்த ஊரின் பெயரை மேடைதோறும் முழங்க வைத்தவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. கலைஞர் கருணாநிதி தம் மகனுக்கு அழகிரி என்று பெயரிட்டது அவர் நினைவாகத்தான். நம் தலைமுறையில் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்த பட்டுக்கோட்டை பிரபாகர் இருக்கிறார். பாட்டு, பேச்சு, துப்பறியும் கதை என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று துறைகள் ஒரே ஊர்ப்பெயரின் கீழ் கூடியிருக்கின்றன. அதே வட்டாரத்து இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். அவரை யாரும் பட்டுக்கோட்டை வெங்கட்ராமன் என்று அழைத்ததில்லை. அடைமொழிகள் மேடைக்கும் திரைக்கும் எழுத்துக்கும் உரியவை. பதவிக்கு அவை தேவைப்படுவதில்லை போலும்.

பிறந்த ஊரும் சொந்த ஊரும் வேறாவதற்கு நம் குடும்ப வழக்கமே ஒரு காரணம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வாள். ஆகவே பிறப்பது பாட்டி ஊரில். வளர்வது அப்பா ஊரில். கணித மேதை இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். உலகம் அவரைக் கும்பகோணத்தோடுதான் சேர்த்துப் பேசுகிறது. அவருக்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக அதே ஈரோட்டில் பிறந்த பெரியார், ஈ.வெ.ரா. என்பதன் முதல் எழுத்திலேயே ஊரை வைத்துக்கொண்டார். அந்த ‘ஈ’யோடுதான் அவர் 1929 டிசம்பரில் கப்பலேறி வந்து நம் பினாங்கில் இறங்கினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-இல் பிறந்தது செம்மங்குடியில் இல்லை. திருக்கோடிக்காவலில், தாய்மாமன் ஊரில். வயலின் மேதையான அந்தத் தாய்மாமனுக்கோ திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் என்றே பெயர். மாமன் ஊரில் பிறந்த மருமகன், அந்தப் பெயரை மாமனுக்கே விட்டுவிட்டுத் தந்தை ஊரை எடுத்துக்கொண்டார்.

பிழைக்கப் போன ஊரும் பெயரில் ஒட்டிக்கொள்வதுண்டு. திருநெல்வேலிச் சீமையின் வல்லநாட்டில் பிறந்து, விமானப்படையில் பணியாற்றி, டெல்லியில் நாடகம் நடித்தவர் கடைசிவரை டெல்லி கணேஷ்தான். கல்கத்தாவில் பிறந்த கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் பம்பாய் ஜெயஸ்ரீ என்று அறியப்படுகிறார். கோவை சரளாவைப் போல ஊரும் பிறப்பும் இசைந்து வருபவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்குச் சொல்வதற்குக் கதை இல்லை.

ஊரைப் பெயருக்கு முன்னால் வைக்காமல் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள்; ஒருவர் பெயரிலும் திருவாரூர் என்ற சொல் இல்லை. ஆனால் தியாகராஜர் என்பது திருவாரூர்ப் பெருமானின் திருநாமம் அல்லவா? நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். 1919-இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த, நம் நாட்டின் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பெயரில் சுங்கை சிப்புட் இல்லை. அவருடைய முழுப்பெயரான திருஞானசம்பந்தன், சீர்காழியில் அவதரித்த பிள்ளையினுடையது. சீர்காழி கோவிந்தராஜன் வெளிப்படையாகச் சொன்னதை அவர் பெயர் மறைவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி பினாங்குக்கு வருவோம். இங்கே பிறந்த திரைக்கலைஞர்களில் முதன்மையானவர் பி. ரம்லி, 1929 மார்ச் 22-ஆம் நாள் பிறந்தவர். தலைப்பெழுத்தைக் கண்டால் ஊரைத் தேடும் நம்மவர்களுக்கு அந்தப் ‘பி’ பினாங்காக இருக்கும் என்றே தோன்றும். அது ஊர் அன்று. தந்தை பெயரில் உள்ள புத்தே. 1950-இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன், தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். ரம்லி படித்த பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் அரை நூற்றாண்டுக்கு முன்பு, மஞ்சூரியாவின் கொள்ளைநோயை முகக்கவசத்தைக் கொண்டு எதிர்த்த மருத்துவர் வூ லியென் தேவும் படித்தார். அவரும் 1879-இல் இந்தத் தீவில் பிறந்தவர். எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட்டும், உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூவும் இங்கே பிறந்தவர்களே. ஒருவர் பெயரிலும் பினாங்கு இல்லை. தமிழகத்தில் ஊர் மனிதர் பெயரில் ஏறுகிறது. இங்கே மனிதர் பெயர் ஊருக்குள் ஏறுகிறது. ரம்லியின் மரவீடு நிற்கும் சாலைக்கு இன்று ஜாலான் பி. ரம்லி என்றே பெயர். கோலாலம்பூரிலும் அதே பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் பெயரிலும் ஒன்று இருக்கிறது.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஆவணங்களில் ஊர்ப்பெயர் எழுதும் வழக்கம் இல்லை. நம் பெயரும், ‘அனாக் லெலாக்கி’ (மகன்) அல்லது ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்ற குறியும், தந்தை பெயரும் எழுதினால் முடிந்தது. ஆயினும் பிறந்த இடம் நம்மை விட்டு நீங்கவில்லை. அது எண்ணாக மாறியிருக்கிறது. நேயர்கள் தங்கள் அடையாள அட்டையான மைகார்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 07 என்றால் பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். இங்கே தலைப்பிரசவக் குழப்பத்துக்கு இடமில்லை. பாட்டி வீடு எந்த மாநிலமோ அந்த எண் விழுந்துவிடும். சிரம்பானிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர் பலர் 08 என்ற எண்ணைச் சுமந்துகொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் அந்த இரண்டு இலக்கங்களுக்குப் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ் டவுனுக்கும் நிபோங் திபாலுக்கும் வேற்றுமை தெரியாது. பட்டர்வொர்த்தில் பாடிப் பழகியவரும், புக்கிட் மெர்தாஜாமில் நாடகம் போட்டவரும், தோட்டத்துக் கோவில் திருவிழாவில் முதன்முதலில் உறுமி வாசித்தவரும் அதில் ஒன்றுதான். நம் விழா மேடைகளில் ஒரு பாடகரை அழைக்கும்போது ‘நமது மண்ணின் மைந்தர்’ என்று பொதுப்படையாகச் சொல்லிக் கைதட்ட வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. எந்த மண் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பாடியும் ஆடியும் வந்த சமூகம் இது. தமிழகத்துத் திரையில் பரவலாக ஒலித்த நம் அடைமொழி ஒரே ஒரு வாசுதேவனுடையது. அதிலும் ஊரின் பெயர் இல்லை, நாட்டின் பெயர்தான் இருந்தது.

ஆகவே விழா ஏற்பாட்டாளர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கலைஞரை மேடைக்கு அழைக்கும் முன், எந்த ஊரைச் சொல்லி அழைக்கட்டும் என்று அவரிடமே கேளுங்கள். அடையாள அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் பிறந்த ஊர் ஒன்றாகவும், சொல்லும் ஊர் வேறாகவும் இருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.