ஆங்கில வாக்கியத்தில் வினை எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் போன நாம் எல்லோரும் ஒரு லீவ் லெட்டராவது எழுதியிருப்போம். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.’ அர்த்தம் புரிவதற்கு முன்பே மனப்பாடம் ஆகிவிட்ட இரண்டு வரிகள். ஆங்கில வாக்கியத்தின் உறுப்புகள், வகைகள் பற்றிப் பேச இன்றைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதிப் போடுவது இந்த இரண்டு வரிகளைத்தான். தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது. போகப் போகப் பார்ப்போம்.

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கூரியர் ஆபீஸிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஆங்கில வார்த்தைகள் நிறையவே தெரியும். சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்ற பெயர்களும் எப்போதோ காதில் விழுந்தவைதான். ஆனால் ஒரு வாக்கியத்தை எங்கே பிடித்துத் தூக்குவது என்றுதான் பிடிபடுவதில்லை. நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். முதலில் வினையைத் தேடுங்கள். அப்புறம் அந்த வினை யாருடையது என்று கேளுங்கள். மிச்சமெல்லாம் தானாக வந்து சேரும்.

தமிழில் இப்படித் தேட வேண்டிய தேவையே கிடையாது. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும். ‘நாளைக்குச் சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக்கு’ என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால், அவர் வருகிறாரா, வரமாட்டாரா, ஆள் அனுப்பப் போகிறாரா, ஒன்றும் தெரியாது. காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ வோண்ட் கம்’ என்று முதல் மூச்சிலேயே விஷயம் முடிந்துவிடும். எங்கே, எப்போது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரும்.

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். ‘மேசை மேல் இருக்கும் புத்தகம்.’ ஆங்கிலத்தில் ‘தி புக் தட் இஸ் ஆன் தி டேபிள்’. புத்தகம், இருக்கும், மேல், மேசை. நம்முடைய நான்கு சொற்களும் அப்படியே தலைகீழாக நிற்கின்றன! கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. நம்மவர்கள் ஆங்கிலத்தில் திணறும்போது, மூளை மந்தம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் ஒரு முழு மொழியைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் வேலையை மனதுக்குள் செய்துகொண்டிருக்கிறார்கள். அது லேசான வேலை இல்லை.

சரி, உறுப்புகளுக்கு வருவோம். நாம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்தவர்கள். நமக்கு ‘நாய் மனிதனைக் கடித்தது’ என்றாலும் ஒன்றுதான், ‘மனிதனை நாய் கடித்தது’ என்றாலும் ஒன்றுதான். அந்த ‘ஐ’ என்ற ஒரு உருபு, கடிபட்டது யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி டாக் பிட் தி மேன்’ என்பதைத் திருப்பிப் போட்டால் மனிதன் நாயைக் கடித்ததாக ஆகிவிடும். அங்கே உருபு செய்யும் வேலையை இடம் செய்கிறது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். 1000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தன. அந்தப் பொறுப்பைச் சொற்களின் வரிசை ஏற்றுக்கொண்டது. ‘ஹி’ எப்போது ‘ஹிம்’ ஆகிறது, ‘ஷி’ எப்போது ‘ஹெர்’ ஆகிறது என்று கவனித்தால், உதிராமல் மிஞ்சிய உருபுகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

அடுத்தது, எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது. நாம் ‘சாப்பிட்டேன்’ என்று ஒரே சொல்லில் வாக்கியத்தை முடித்துவிடுவோம். ‘ஏன்’ என்ற விகுதிக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறது. ‘ஏட்’ என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு யார் சாப்பிட்டது என்று தெரியாது. ‘இருட்டிவிட்டது’ என்போம். எது இருட்டியது என்று நாம் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தையும் காலியாக விட முடியாது. ‘இட் இஸ் டார்க்’ என்று, பொருளே இல்லாத ஓர் ‘இட்’டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வினையும் அப்படித்தான். ‘அவர் டாக்டர்’ என்று இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்தாலே நமக்கு வாக்கியம். அங்கே ‘இஸ்’ வந்தாக வேண்டும். ‘ஹி டாக்டர்’ என்று ஒருவர் சொல்லும்போது தமிழ் வாக்கியத்தைச் சரியாகத்தான் சொல்கிறார், சொற்கள்தான் ஆங்கிலம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ‘பிடித்த’ என்று சொன்னேன் இல்லையா, அதுவேதான். ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’. தமிழில் இவை எல்லாவற்றிலும் நாம் ‘கு’ உருபோடு நிற்கிறோம். பசியும் அறிவும் விருப்பமும் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஆங்கிலத்தில் இந்த நான்கிலும் ‘ஐ’தான் எழுவாய்: ‘ஐ லைக்’, ‘ஐ நோ’, ‘ஐ ஆம் ஹங்கிரி’, ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’. வகுப்பில் ‘மீ நோ’ என்று யாராவது ஆரம்பித்தால், ‘எனக்கு’ என்ற சொல்லிலிருந்து மொழிபெயர்க்கிறார் என்று அர்த்தம். வினை யாருடையது என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நம் பள்ளித் தேர்வுகளில் எஸ், வி, ஓ, சி, ஏ என்று எழுத்துகளைப் போட்டு வாக்கிய அமைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எஸ் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள். ஏ என்பது எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் பகுதி. சி என்பது நிரப்பு, அதாவது எழுவாயோ செயப்படுபொருளோ யார், எப்படிப்பட்டது என்று சொல்லி வாக்கியத்தை நிறைவாக்கும் பகுதி. இந்த நிரப்பில்தான் குழப்பம். ‘ஷி மெட் எ டீச்சர்’, ‘ஷி பிகேம் எ டீச்சர்’. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே அச்சு. தமிழில் ‘ஐ’ உருபை ஒட்டிப் பாருங்கள். ‘ஆசிரியரைச் சந்தித்தாள்’ சரியாக வருகிறது. ‘ஆசிரியரை ஆனாள்’ வரவே வராது. ஒட்டினால் செயப்படுபொருள், ஒட்டாவிட்டால் நிரப்பு. எல்லா வாக்கியத்துக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும்.

வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் வாக்கியம் ‘கால் மீ எ டாக்டர்’. இதற்கு இரண்டு அர்த்தம். ‘எனக்கு ஒரு டாக்டரைக் கூப்பிடு’ என்பது ஒன்று. ‘என்னை டாக்டர் என்று கூப்பிடு’ என்பது இன்னொன்று. முதலாவதில் ‘மீ’யும் டாக்டரும் இரண்டு செயப்படுபொருள்கள். இரண்டாவதில் ‘மீ’ செயப்படுபொருள், டாக்டர் அதற்கு நிரப்பு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே நான்கு சொற்களை வைத்திருக்கிறது. தமிழில் ‘எனக்கு’, ‘என்னை’ என்று உருபு மாறுவதால் குழப்பத்துக்கு வழியே இல்லை. நம்முடைய வேற்றுமை உருபுகள் ஆங்கில இலக்கணத்தைத் திறக்கும் சாவி என்று நான் முழு மனதாக நம்புகிறேன். அதை வகுப்பறையில் ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழே பேசாதே என்று சொல்லி இலக்கணம் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்படி ஒவ்வொரு வினைக்கும் என்ன அமைப்பு வரும் என்று வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. அவர் 1920களில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அங்கே தொகுத்த அகராதியை 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. அதில் வினைகளின் அமைப்புகளுக்கு எண் போட்டுக் கொடுத்திருந்தார். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போல வினை கடைசியில்தான் வரும். வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர், வினைக்கு அப்புறம் என்ன வரும் என்பதிலேயே இத்தனை அக்கறை காட்டியதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

இனி வகைகள். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று நான்கு. நம் பாடப்புத்தகத்திலும் இதே நான்கு வகைகள் உண்டு. செய்தித் தொடரைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். உணர்ச்சித் தொடரில் ‘வாட் எ பியூட்டிஃபுல் ஹவுஸ்’ என்பது போல ‘வாட்’, ‘ஹவ்’ முன்னால் வரும், அவ்வளவுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது வினா.

நாம் கேள்வி கேட்க ஓர் ‘ஆ’ போதும். அதையும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ‘நீ நேற்று மதுரைக்குப் போனாயா?’, ‘நீயா நேற்று மதுரைக்குப் போனாய்?’, ‘நேற்றா போனாய்?’, ‘மதுரைக்கா போனாய்?’. ஒட்டிய இடம்தான் சந்தேகம் இருக்கும் இடம். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ‘யூ ஆர் கோயிங்’ என்பது ‘ஆர் யூ கோயிங்’ ஆகும். துணைவினையே இல்லாவிட்டால்? ‘யூ வென்ட் டு மதுரை’ என்பதில் முன்னால் நகர்த்த எதுவும் இல்லை. அப்போது ‘டூ’ என்ற சொல்லை வரவழைத்து, காலத்தை அதன் தலையில் ஏற்றி ‘டிட் யூ கோ’ என்பார்கள். இறந்தகாலம் ‘டிட்’டுக்குப் போய்விட்டதால் ‘வென்ட்’ பழையபடி ‘கோ’ ஆகிவிடுகிறது. ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்கிறவர் ஒரே காலத்தை இரண்டு இடத்தில் வைத்துவிட்டார். காரணத்தைச் சொன்னால் அந்தத் தவறு ஒரே வாரத்தில் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கட்டளைத் தொடரில் எழுவாய் மறைந்திருக்கும். நம் லீவ் லெட்டரின் இரண்டாவது வரியை எடுங்கள்: ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே’. வினை ‘கிராண்ட்’. யாருடையது? ஹெட்மாஸ்டருடையது, ஆனால் அவர் வாக்கியத்தில் இல்லை. ‘மீ’, ‘லீவ்’ இரண்டும் செயப்படுபொருள்கள். இலக்கணப்படி ஆறாம் வகுப்புப் பிள்ளை ஹெட்மாஸ்டருக்குக் கட்டளையிடுகிறது! அந்தக் கட்டளையை வேண்டுகோளாக மாற்றுவது ‘கைண்ட்லி’தான். நமக்கு ‘கொடு’, ‘கொடுங்கள்’ என்று மரியாதை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில வினையில் அது இல்லை. அதனால்தான் அவர்கள் ‘குட் யூ ஓபன் தி விண்டோ’ என்று கேள்வி வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். உருவம் வினா, வேலை வேண்டுகோள்.

அமைப்பை வைத்து இன்னொரு பிரிவு: தனிநிலை, தொடர்நிலை, கலவை. முழு வினை ஒரே எழுவாயோடு நின்றால் தனிநிலை. தனித்தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘சோ’ போன்ற சொல் இணைத்தால் தொடர்நிலை. ஒன்று இன்னொன்றைச் சார்ந்தே நிற்கும் என்றால் கலவை. லீவ் லெட்டரின் முதல் வரி கலவை வாக்கியம். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைக்க முடியாது. ‘காய்ச்சலாக இருப்பதால்’ என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்து போவது மாதிரி இருக்கும். அதேபோல ‘ஆஸ்’ போட்டுத் தொடங்கிவிட்டால் நடுவில் ‘சோ’ வேண்டாம். ஒரு முடிச்சுக்கு ஒரு கயிறு.

தமிழர்களுக்கு உண்மையில் கஷ்டம் கொடுப்பது வினையெச்சம். ‘காலையில் எழுந்து, சாப்பிட்டு, பஸ் ஏறி, வேலைக்கு வந்தேன்.’ நான்கு வினைகளில் ‘வந்தேன்’ ஒன்றுதான் முற்று. மற்ற மூன்றும் அதை நோக்கி நடக்கின்றன. இதை ‘ஐ கெட்டிங் அப், ஈட்டிங்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எச்சத்துக்கு இணை தேடுகிறார்கள், பாவம். ஆங்கிலம் இங்கே நான்கையுமே முற்றாக்கிவிடும்: ‘ஐ காட் அப், ஹேட் மை பிரேக்ஃபாஸ்ட், டுக் தி பஸ் அண்ட் கேம் டு வொர்க்’. ‘இங்’ தனியாக நின்றால் அது முழு வினை இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போன மாதம் வகுப்பில், உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு பெண் எழுதினாள்: ‘மை மதர், ஹூ நெவர் வென்ட் டு ஸ்கூல், பாட் மீ திஸ் டிக்‌ஷனரி.’ எழுதிவிட்டு அவளுக்கே சந்தேகம். ‘டீச்சர், ரெண்டு வினை வந்திடுச்சே, தப்பா?’ என்றாள். வினை யாருடையது என்று நீயே கேட்டுப் பார் என்றேன். ‘வென்ட்’ என்பது ‘ஹூ’வுடையது. இரண்டு கமாவுக்கும் நடுவில் இருப்பதைக் கையால் மறைத்துப் பார்த்தாள். ‘மை மதர் பாட் மீ திஸ் டிக்‌ஷனரி.’ எழுவாய், வினை, இரண்டு செயப்படுபொருள்கள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

இதையே தமிழில் சொல் என்றேன். ‘பள்ளிக்கூடமே போகாத என் அம்மா இந்த அகராதியை எனக்கு வாங்கிக் கொடுத்தார்.’ இரண்டையும் மேலும் கீழுமாக நோட்டில் எழுதிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: ‘தமிழ்ல பள்ளிக்கூடம் போகாதது முன்னாடி வருது. இங்கிலீஷ்ல அம்மா முதல்ல வர்றாங்க டீச்சர்.’

வணக்கம்.