ஊருக்கு டிக்கெட் போடும் முன் அந்த மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. பிப்ரவரியில் வகுப்புகள் முடிகிறது என்றால் ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னை டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டில் தேதி இருக்கிறதா, பாஸ்போர்ட் இருக்கிறதா, சரி, நிம்மதியாகப் போய் வாருங்கள். கார்டு காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

அந்த இடைவெளிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள். அதில் குறி போடுவதற்கு மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது, அதாவது ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, உட்பிரிவு 4 என்ற கட்டத்தில் குறி இருந்தால் உங்கள் பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது. ஊருக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். மற்ற இரண்டு கட்டங்களில் குறி இருந்தால் அந்தத் தாளை வைத்து ஜெர்மனிக்குள் நுழைய முடியாது. ஊரில் உட்கார்ந்து புது விசாவுக்கு அலைய வேண்டியதுதான். அதனால் கார்டு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மூன்றாவது கட்டம் அப்படி விண்ணப்பித்தவர்களுக்கு உரியது.

இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தும் பயந்துகொண்டு அக்கா கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. தாத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்களும் உண்டு. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

காலாவதியான கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். பாஸ்போர்ட், தாள், பழைய கார்டு மூன்றும் சேர்ந்து கையில் இருக்க வேண்டும். திரும்பும் விமானம் நேராக ஜெர்மனியில் இறங்கட்டும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். ஜெர்மன் தாளை வைத்துக்கொண்டு வேறு நாட்டு அதிகாரியிடம் வாதாட வேண்டிவரும். இந்த நிலையில் லண்டன் வழியும் வேண்டாம். தோஹா, துபாய் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் வருவது நல்லது. சென்னை செக்-இன் கவுண்டரில் இருப்பவர் இந்தத் தாளைப் பார்த்தே இருக்க மாட்டார். சீக்கிரமே போய், பொறுமையாக அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம், செல்லுபடியாகும் கார்டு இருப்பவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளில், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை சுற்றலாம். ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனில் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பக்கத்து ஊர்தானே என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ரயில் ஏறாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை போடுகிறது.

ஊரில் ஆய்வு வேலை, அப்பா உடம்பு சரியில்லை, எந்தக் காரணமாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் பெர்மிட் ரத்தாகிவிடும். அதற்கு மேல் தங்க வேண்டியிருந்தால் கிளம்பும் முன்பே அலுவலகத்தில் கேட்டு, நீண்ட கால அவகாசத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.